ஒரு மடையைப் பின்தொடர்வது எப்படி: பொருட்களின் வழியே ஊரைப் படிக்க ஒரு களக் கையேடு

களப்பணிக்குப் போகும் புவியியல் மாணவர்கள் பெரும்பாலும் கேள்வித்தாளோடுதான் ஊருக்குள் நுழைகிறார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை ஏக்கர், என்ன வருமானம். திரும்பி வரும்போது கையில் இருப்பது ஆட்கள் சொன்ன பதில்கள் மட்டும். மேலப்பத்து வயல்காரரும் கீழப்பத்து வயல்காரரும் ஏன் ஒரே டீக்கடையில் உட்காருவதில்லை, அறுப்புக்கு முந்தின மாதம் ஏன் ஊரில் பாதிப் பேர் பகலில் தூங்குகிறார்கள் என்பது அந்தத் தாளில் ஏறாது. ஏனென்றால் அதில் பெரும்பங்கு, குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மடையின் ஒரு கல்லுக்கும், ஒரு பலகைக்கும், துருப்பிடித்த இரும்புத் திருகுக்கும் உரியது. அவற்றிடம் கேள்வித்தாள் கொடுக்க முடியாது. அருகே உட்கார்ந்து பார்க்கலாம், அளக்கலாம், கெட்டுப்போகும்போது என்ன நடக்கிறது என்று விசாரிக்கலாம்.

பொருட்களை இப்படிப் பார்ப்பது சமூக ஆய்வில் நாற்பதாண்டுப் பழக்கம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மிஷெல் கலோன் 1986-இல் வெளியிட்ட ஆய்வு பலரும் தொடங்கும் இடம். கடல் சிப்பியை வளர்க்க விஞ்ஞானிகள் திட்டம் போட்டார்கள், மீனவர்களின் பிரதிநிதிகளும் சம்மதித்தார்கள். சிப்பிக் குஞ்சுகள்தான் போதிய அளவு வலைப்பைகளில் ஒட்டவில்லை. ஏற்பாடு முழுவதும் ஆட்டம் கண்டது. ஜிம்பாப்வேயின் கைப்பம்பை வைத்து மரியான் டே லாட்டும் அன்மரீ மோலும் 2000-இல் எழுதியது இன்னொன்று: பம்ப் வேலை செய்ய வேண்டுமென்றால் அதைச் சுற்றி ஒரு ஊர் கூடவேண்டும், ஆகவே பம்ப் தண்ணீரோடு ஊரையும் சேர்த்து உண்டாக்குகிறது என்பது அவர்கள் வாதம். சாரா வாட்மோர் போன்றவர்கள் இந்தச் சிந்தனையைப் புவியியலுக்குள் கொண்டுவந்தார்கள். களத்துக்குப் போகுமுன் இவ்வளவு போதும். மீதியைத் திரும்பி வந்து படித்தால்தான் புரியும்.

திருநெல்வேலிச் சீமை இதற்குத் தோதான இடம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை தாமிரபரணி இந்தச் சீமையை விட்டு வெளியே போவதில்லை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல். ஏழு அணைக்கட்டுகள் பழையவை, கடைசியான ஸ்ரீவைகுண்டம் 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் கட்டியது. மலையிலிருந்து கடல்வரை தண்ணீர் எத்தனை பேர் கட்டிய எத்தனை கதவுகளைத் தாண்டுகிறது என்பதை நெல்லை, தூத்துக்குடி மாவட்டப் பேருந்துகளில் போய்ப் பார்த்துவிடலாம்.

எந்த மடையை எடுப்பது

அணைக்கட்டை எடுக்காதீர்கள். அது பெரியது, அதிகாரிகள் கையில் இருப்பது, அங்கே நடக்கும் முடிவுகள் கோப்பில் நடக்கும். ஒரு குளத்தின் ஒரே ஒரு மடையை எடுங்கள். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாயில் ஒன்று, ஸ்ரீவைகுண்டம் வடகாலில் ஒன்று என்று தலைமடையிலும் கடைமடையிலும் ஒவ்வொன்று எடுத்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது. ஆனால் முதல் முறை செய்பவருக்கு ஒன்றே போதும்.

தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். குறைந்தது இருபது முப்பது குடும்பங்களுக்காவது அந்த மடைத் தண்ணீர் போகவேண்டும். கடந்த சில வருஷங்களில் அது ஒரு முறையாவது உடைந்தோ, மாற்றப்பட்டோ, தகராறுக்கு உள்ளாகியோ இருக்கவேண்டும். மூன்றாவது, நீங்கள் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் யாரும் சந்தேகப்படாத நிழல் ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும். கடைசி விஷயத்தை வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். வெயிலில் நின்றுகொண்டு யாரும் நான்கு மணி நேரம் பார்த்ததில்லை.

போகும் காலமும் முக்கியம். கார் என்னும் முதல் போக நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறப்பதை எதிர்பார்த்து ஊர் காத்திருக்கும் ஜூன் மாதம், அல்லது பிசானம் என்னும் அடுத்த போகப் பயிர் பால்பிடித்து நிற்க, குளம் வற்றிக்கொண்டு வரும் ஜனவரி பிப்ரவரி. குளம் நிறைந்து, உபரி நீர் வழியும் மறுகால் பாயும் நவம்பரில் போனால் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணாச்சியாகத்தான் இருப்பார்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு வரும்போதுதான் பொருளின் வேலை கண்ணில் படும்.

போகுமுன் கையில் வேண்டிய தாள்கள்

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம், அ-பதிவேடு, அடங்கல் மூன்றையும் பார்க்கக் கேளுங்கள். அ-பதிவேட்டில் நிலம் நன்செய்யா புன்செய்யா, ஒருபோகமா இருபோகமா, பாசன ஆதாரம் எது என்று இருக்கும். அடங்கலில் இந்த வருஷம் உண்மையில் என்ன பயிர் என்று இருக்கும், அல்லது இருப்பதாக எழுதியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வரும் சர்வே எண்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பதிவேட்டில் குளத்துப் பாசனம், அடங்கலில் வாழை, நேரில் போனால் ஆழ்துளைக் கிணறு: இப்படி ஒரு வரிசை கிடைத்தால் அந்த வயல்காரருக்கு மடை தேவைப்படாமல் போய்விட்டது என்று அர்த்தம். மடைப் பராமரிப்புக்கு அவர் பணம் தருகிறாரா என்பது பிறகு கேட்கவேண்டிய கேள்வி.

குளம் யார் பொறுப்பு என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பெரிய குளங்கள் நீர்வளத்துறையிடம் (2021 வரை பொதுப்பணித்துறைக்குள் இருந்தது), சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம். மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலம் தனி. ஒரே தண்ணீருக்கு இரண்டு மூன்று ஏடுகள் ஓடுவது இங்கே சகஜம்.

மடையை அளப்பது

முதல் நாள் யாரிடமும் கேள்வி வேண்டாம். நோட்டு, முப்பது மீட்டர் டேப், கண்ணாடிபோல் தெளிவான அரை அங்குல டியூப் பதினைந்து மீட்டர், கைக்கடிகாரம், இவ்வளவு எடுத்துப் போய் மடையை வரையுங்கள். குளத்துப் பக்கம் தண்ணீர் நுழையும் வாய், கரைக்கு அடியில் போகும் தூம்பு, வயல்பக்கம் வெளிவரும் தொட்டி, அங்கிருந்து பிரியும் கால்கள், அதாவது சிறு வாய்க்கால்கள். எது கருங்கல், எது செங்கல், எது புதுக் காங்கிரீட் என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஒரே மடையில் மூன்று காலத்து வேலை இருக்கும். ஒவ்வொரு ஒட்டும் ஒரு பணம் வந்த வருஷம்.

இதில் தவறவே கூடாதது மடைத்தளத்தின் மட்டம், அதாவது தண்ணீர் வெளியேறத் தொடங்கும் கல்லின் மேல்விளிம்பு. அதற்குக் கீழே குளத்தில் கிடக்கும் தண்ணீர் தானாக வயலுக்கு வராது. அது மாட்டுக்கும் மீன் குத்தகைதாரருக்கும் உரியது. கல் அரை அடி உயர்ந்தால் விவசாயிக்குக் கடைசி ஒரு தண்ணீர் போய்விடும், மீன்காரருக்கு ஒரு மாதம் கூடும். மறுகாலின் மட்டத்தையும் இதோடு சேர்த்து எடுங்கள். மறுகாலில் மணல்மூட்டை அடுக்கிக் கூடுதலாகத் தேக்கினால் உள்வாயில், அதாவது குளத்தின் நீர்பிடிக்கும் ஓரத்தில், பயிர் வைத்தவர் வயல் மூழ்கும். இரண்டு கற்களுக்கும் இடையே உள்ள உயரம்தான் அந்த ஊர் பங்கு போட்டுக்கொள்ளும் முழுச் சொத்து.

மட்டம் எடுக்கக் கொத்தனார்கள் செய்வதைச் செய்யுங்கள். டியூபில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை மடைத்தளத்தருகே நட்ட குச்சியிலும் மறுமுனையை அடுத்த குச்சியிலும் பிடித்தால் இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; அங்கிருந்து கல்வரை டேப்பில் அளந்து கழித்துக்கொள்ளலாம். மறுகால் தூரமாக இருந்தால் குச்சி குச்சியாக நகர்ந்து போகவேண்டும். தப்பு வருவது இரண்டு காரணத்தால்: டியூபுக்குள் காற்றுக் குமிழி தங்கியிருக்கும், அல்லது நடக்கும்போது மூடிய கட்டைவிரலை வாசிக்கும்போது எடுக்க மறந்திருப்பீர்கள். டியூபை முழுக்க ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். போன வழியே திரும்பி வந்து தொடங்கிய இடத்தில் முடியுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுக்கவேண்டும்.

அடுத்தது ஓட்டம். மடைக்குக் கீழே கால் நேராகப் போகும் பத்து மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஆரஞ்சுத் தோலோ தேங்காய் மட்டைத் துண்டோ மிதக்கவிட்டு நேரம் எடுங்கள். மூன்று முறை விட்டுச் சராசரி. அகலம், மூன்று இடத்து ஆழம். மேல்பரப்பு வேகமாக ஓடும், அடி மெதுவாக ஓடும் என்பதால் வேகத்தை 0.85-ஆல் பெருக்கவேண்டும். அகலம் 0.8 மீட்டர், ஆழம் 0.3 மீட்டர், பத்து மீட்டருக்கு 25 வினாடி என்று வைத்துக்கொண்டால் விநாடிக்குச் சுமார் 82 லிட்டர், அதாவது 3 கன அடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். கசிவைக் கணக்கில் எடுக்காமலே 41 நிமிஷம்.

இதே அளவைக் கால் முடியும் இடத்திலும் எடுங்கள். அங்கே ஓட்டம் பாதியாக இருந்தால் அதே ஏக்கருக்கு 82 நிமிஷம். முறைப்பாசனத்தில் ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று சமமாகப் பிரித்திருந்தால், கடிகாரம் சமமாகத்தான் ஓடும், தண்ணீர் ஓடாது. "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்" என்று கூட்டத்தில் சொல்லப்படும் விஷயத்துக்கும் கடைமடைக்காரர் முணுமுணுப்புக்கும் நடுவில் இருப்பது மண்கால் குடிக்கும் தண்ணீர்.

பலகையும் திருகும்

மடையில் மனிதர் கைபடும் பாகம் அடைப்பு. அதில் அதிக நேரம் செலவிடுங்கள்.

பழைய முறையில் மரப்பலகையைச் செருகி, இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் அப்புவார்கள். இதற்குச் சாவி கிடையாது. யாரும் எடுக்கலாம், ஆனால் எடுத்தது தெரிந்துவிடும்: மண் கலைந்திருக்கும், சரியாக மறுபடி அப்ப நேரமும் கைப்பழக்கமும் வேண்டும். அதனால் அதற்கென்று நீர்ப்பாய்ச்சி ஒருவர் தேவைப்பட்டார், அறுப்பில் அவருக்கு நெல் அளந்தார்கள். புதிதாக வந்தது இரும்பு ஷட்டரும் திருகும். கைப்பிடியைக் கழற்றிக்கொள்ளலாம். கைப்பிடி யார் வீட்டில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலுக்குத்தான் மற்றவர் போகவேண்டும். பலகைக் காலத்தில் திறமை ஒருவரிடம் இருந்தது. திருகுக் காலத்தில் இரும்புத் துண்டு ஒருவரிடம் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. முதலாமவர் பெரும்பாலும் நிலமற்றவர், இரண்டாமவர் பெரும்பாலும் சங்கத் தலைவர்.

ஆகவே கேட்கவேண்டியது "மடையை யார் நிர்வகிக்கிறார்கள்" என்றல்ல. அதற்குக் கிடைக்கும் பதில் சங்கத்தின் பெயர். இப்படிக் கேளுங்கள்: "அண்ணாச்சி, கைப்பிடி இப்ப யாரு வீட்ல கிடக்கு?" "திருகு இறுகிட்டா யாரு எண்ணெய் வாங்கிட்டு வருவாவ?" "ராத்திரி ரெண்டு மணிக்கு முறை வந்தா யாரு போயி எழுப்புவாவ?" பெண்களிடம் தனியாகக் கேளுங்கள்: "அக்கா, ஒங்க முறை ராத்திரி விழுந்தா நீங்களே போவியளா, ஆளு விடுவியளா?" ஆள் விட்டால் கூலி எவ்வளவு, அந்த ஆள் யாருடைய ஆள், அவர் தன் முதலாளி வயலுக்கு முதலில் வெட்டிவிட்டுத்தான் வருகிறாரா. ஆண் துணையில்லாத வீட்டுக்கு இரவு முறை என்பது ஒரு தனிச் செலவு. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது.

ஷட்டரின் கீழே பாருங்கள். பல இடங்களில் அது முழுதாக இறங்காது. சாக்கும் வைக்கோலும் திணித்திருக்கும். இரும்பு வந்த பிறகும் வைக்கோல் ஏன் போகவில்லை என்பதை எழுதினாலே ஒரு நல்ல அத்தியாயம் ஆகிவிடும். திருகின் மரை துருவில் தேய்ந்திருக்கும், தளக்கல் சீராக இருக்காது, கல்லில் மோதி ஷட்டர் ஒரு பக்கம் தொங்கும். அந்தக் கசிவுத் தண்ணீரில் யாரோ கீரைப்பாத்தி போட்டிருப்பார். கசிவை அடைத்தால் அவர் பிழைப்பு போகும். அவரைக் கட்டாயம் கண்டுபிடியுங்கள்.

ஓர் எச்சரிக்கை: திருகை நீங்கள் தொடாதீர்கள், திருப்பிக் காட்டச் சொல்லியும் கேட்காதீர்கள். முறை நாளில் ஒரு சுற்றுத் திரும்பினாலும் யாருக்கோ தண்ணீர் குறையும், பழி உங்களை அழைத்து வந்தவர் மேல் விழும். குளத்துப் பக்கம் மடைவாய்க்கு மேலே இறங்கவும் கூடாது. மேலே அசையாமல் தெரியும் தண்ணீர் அடியில் ஆளை இழுத்துத் தூம்புக்குள் செருகிவிடும்.

கெட்டுப்போன கதையைச் சேகரிப்பது

பொருள் ஒழுங்காக வேலை செய்யும்வரை யாருக்கும் அதன் நினைப்பு இருக்காது. உடைந்தால் அதைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் வெளியே வருவார்கள். எனவே ஒவ்வொருவரிடமும் கடைசியாக மடை பழுதானது எப்போது என்று கேட்டு, நாள் வாரியாக அடுக்குங்கள். யார் முதலில் பார்த்தார், யாருக்குப் போன் செய்தார், யார் வந்து பார்த்தார், யார் வரவில்லை, ஜேசிபி எங்கிருந்து வந்தது, டீசல் யார் போட்டார், எத்தனை நாள் பயிர் காய்ந்தது, யார் பயிர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழை இதற்கு நல்ல நங்கூரம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. சீமையெங்கும் குளங்கள் உடைந்தன. அந்த இரவு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. "வெள்ளத்துக்கு முன்னே, பின்னே" என்று கேட்டால் தேதி குழம்பாது. கரை உடைந்த இடத்தில் முதலில் வைத்தது மணல்மூட்டையா, பனந்தடியா, அது இன்னும் அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள். தற்காலிகமாக வைத்தது நிரந்தரமாகிவிடுவது இங்கே அபூர்வமில்லை.

ஒரே சம்பவத்துக்கு மூன்று வடிவம் கிடைக்கும். ஒன்றைச் சரியென்று தேர்ந்தெடுக்க வேண்டாம். ஷட்டர் "தானாக உடைந்தது" என்று ஒருவரும் "உடைத்தார்கள்" என்று ஒருவரும் சொன்னால், உடைந்த இரும்பைப் போய்ப் பாருங்கள். துருவில் முறிந்த முனை கரடுமுரடாக, பழுப்பாக இருக்கும். சம்மட்டி பட்டதில் நசுங்கல் இருக்கும். சில சமயம் இரும்பே சாட்சி.

மோட்டார் வந்தபின்

ஆழ்துளைக் கிணறு உள்ளவருக்கு மடை அவசரமில்லை. விவசாய மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குத்தான் அவர் எழுந்திருக்கிறார், நீர்ப்பாய்ச்சி எழுப்பும் நேரத்துக்கு அல்ல. வாய்க்கால் வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு தளர்வது இங்கிருந்துதான். வரைபடத்தில் மோட்டார் உள்ள வயல்களுக்கு ஒரு நிறம் கொடுத்து, வாய்க்கால் வேலைக்கு வராதவர் பட்டியலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத ஓரிருவரைத்தான் தேடிப்போய்ப் பேசவேண்டும்.

மடை தவிர வேறு பொருள் எடுக்க நினைப்பவர்களுக்கு

கூந்தன்குளம் பறவைகளை எடுக்கலாம். 1994-இல் சரணாலயமானது. கூழைக்கடாவும் நாரையும் தெருமரத்தில் கூடு கட்டும் ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊர்க் கணக்கு. இதில் அன்பு எவ்வளவு, உரம் எவ்வளவு என்று பிரிக்க முயலாதீர்கள். குளம் வறண்டு பறவை வராத வருஷத்தில் வெடி வெடித்ததா என்று கேளுங்கள். பத்தமடையில் பாய் நெய்யும் கோரையை எடுத்தால் ஆற்றங்கரையில் புல் அறுக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள், தறியிலிருந்து தொடங்கினால் பாதிக்கதைதான் கிடைக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் நிறக்கயிறு கடினமான பொருள். பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை, சாதி காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றுக்குப் பள்ளியில் தடை வேண்டும் என்றது. ஒரு நூல் இத்தனை வேலை செய்கிறது என்று அரசுக் குழுவே ஒப்புக்கொள்ளும் இடம் அது. கயிறு போன பிறகு அந்த வேலையை எந்தப் பொருள் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் ஆய்வாளர் பார்க்கவேண்டியது. இதைப் பிள்ளைகளிடம் நேரடியாகக் கேட்பது தவறு. பெற்றோர், ஆசிரியர் சம்மதமில்லாமல் தொடவே வேண்டாம். டீக்கடை டம்ளரும் அப்படித்தான். எல்லோருக்கும் பேப்பர் கப் வந்துவிட்டதால் இரட்டைக் குவளை ஒழிந்தது என்று எழுதிவிடக் கூடாது. எச்சில் டம்ளரைக் கழுவும் அவசியமே இல்லாமல் போனதும் கப் செய்த வேலைதான். கடையில் கண்ணாடி டம்ளர் ஏதும் மிச்சமிருக்கிறதா, அது யாருக்கு எடுக்கப்படுகிறது என்று பாருங்கள்.

எழுதும்போது

இந்தத் துறையில் புதிதாகப் படித்தவர்கள் செய்யும் பெரிய பிழை, "மடை தீர்மானிக்கிறது", "தண்ணீர் மறுக்கிறது" என்று பொருளுக்கு மனிதக் குணம் ஏற்றுவது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் மடைத்தளக் கல் அந்த உயரத்தில் தானாகப் போய் உட்காரவில்லை. பொருளையும் ஆளையும் ஒரே தட்டில் வைத்தால் அதிகாரம் மறைந்துபோகும் என்று இந்தப் பார்வையை விமர்சித்தவர்கள் சொன்னது நியாயம். அதனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் பொருள் என்ன செய்கிறது, அதை அங்கே வைத்தது யார், எந்த வருஷம், யார் செலவில் என்று நான்கையும் நிரப்பிப் பாருங்கள். "கல் உயரமாக இருப்பதால் கடைசித் தண்ணீர் வருவதில்லை" என்பது பாதி வாக்கியம். "மராமத்தின்போது பழைய கல்லின் மேலேயே காங்கிரீட் போட்டதால் தளம் உயர்ந்தது, மேற்பார்வைக்குக் கடைமடையிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை" என்பது முழு வாக்கியம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றையும் சாதி, கட்சி என்று முடித்துவிட்டு, மண் தண்ணீர் குடிப்பதையும் இரும்பு துருப்பிடிப்பதையும் அடிக்குறிப்புக்குத் தள்ளுவதும் சோம்பல்தான்.

பெயர்களை மாற்றுங்கள். ஆனால் ஒரு மடைக்கு முப்பது பேர் என்றால் பெயர் மாற்றினாலும் ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரியும். கசிவில் கீரை போடுபவரையும், இரவில் பலகை எடுப்பவரையும் பற்றி எழுதும்போது மடையின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்தே மறைக்கவேண்டும். அளவுகள் வேறு விஷயம்: மட்டமும் ஓட்டமும் எடுத்த தாளை ஊர் கேட்கும், கேட்டால் கொடுக்கவேண்டும், அது அவர்கள் தண்ணீர். தாளில் தேதி, நேரம், அன்றைக்குக் குளத்தில் எத்தனை அடித் தண்ணீர், எந்தக் கல்லைத் தொடக்கமாக வைத்தீர்கள், எவ்வளவு பிழை வரலாம் என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள். நாளைக்கு அந்தத் தாள் தாலுகா அலுவலகத்தில் ஒரு மனுவோடு இணைக்கப்படும், டியூபில் எடுத்த மட்டம் சர்வேயர் எடுத்ததாகப் பேசப்படும். கொடுக்கும்போது தலைமடைக்காரர் ஒருவரிடமும் கடைமடைக்காரர் ஒருவரிடமும் ஒரே நாளில் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள்.